பத்து மதிப்பெண்ணும் ஒரு மருத்துவச் சான்றும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் கிடந்தவனிடம் தலைப்பு கேட்டால் தீயைத் தவிர வேறென்ன சொல்வான்? அவர் தொழிலையும் என் தொழிலையும் முடிச்சுப் போட்டேன். படையிலிருந்து வெளியே வருகிறவர் தீயணைப்பு வேலை கேட்டு வந்து நிற்கும்போது அவரை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு. பெரும்பகுதி அமெரிக்கக் கதை. இந்தக் கேள்வியை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் போட்டு உருட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். செய்த சரியும் தப்பும் ஏட்டில் இருக்கின்றன, எடுத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் என் ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கடற்படையில் பதினைந்து ஆண்டுகள் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் ஃபயர்மேனாகச் சேர்ந்தார் ஒருவர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அவருக்கு மேலே இருந்த லீடிங் ஃபயர்மேனுக்கு இருபத்தாறு. ஒருநாள் டேங்கர் லாரிக்கு எண்ணெய் நிரப்பும் இடத்தில் தீ. நாங்கள் ஃபோம் அடித்து, கீழே வழிந்திருந்த பெட்ரோல் மேல் நுரையைப் பாய்போல விரித்துக்கொண்டிருந்தோம். உதவிக்கு வந்த பக்கத்து ஆலைக்காரர்கள் இறங்கிய வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். நுரை கலைந்தது. கலைந்த இடத்தில் நெருப்பு மறுபடி எழுந்தது. அவர் ஓடிப்போய் அந்த நாசிலைக் கையாலேயே மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தண்ணிய நிறுத்துங்க, நுரை கலையுது!" என்று கத்தினார். எல்லாம் அணைந்த பிறகு, "எங்கண்ணே கத்துக்கிட்டீங்க இதை?" என்று கேட்டேன்.

"கப்பல்ல இருந்துக்கிட்டு 101க்கு போன் பண்ண முடியாதே சார்" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. 1967 ஜூலை 29. வியட்நாம் போர்க்காலம். டோங்கின் வளைகுடாவில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஃபாரஸ்டல். தளத்தில் நின்ற ஒரு விமானத்திலிருந்து ராக்கெட் ஒன்று தானாகக் கிளம்பி, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. கொட்டிய எரிபொருள் பற்றியது. அதன் நடுவே குண்டுகள். கப்பலில் தீயணைப்புப் பயிற்சி பெற்றவர்கள் ஒரு சிறு குழு. முதலில் ஓடியவர்கள் அவர்கள்தாம். ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் முதல் குண்டு வெடித்து அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோய்விட்டது. பிறகு குழாயைப் பிடித்தவர்கள் துணிச்சல்காரர்கள், ஆனால் பயிற்சியில்லாதவர்கள். ஒரு பக்கம் ஃபோம் போட, மறுபக்கம் கடல்நீரை அடித்து அதைக் கழுவிவிட்டார்கள். எரிகிற எண்ணெய் தளத்தில் விழுந்த ஓட்டைகள் வழியே கீழே மாலுமிகள் இருந்த அறைகளுக்குள் இறங்கியது. 134 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாலுமி ஒவ்வொருவருக்கும் தீயணைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்கக் கடற்படையில் உறுதியாக வேரூன்றியது. நம் கடற்படையினர் இந்தப் பயிற்சியை லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி வளாகத்தில் இருக்கும் பள்ளியில் பெறுகிறார்கள். என் ஆளும் அங்கே படித்தவர்தான். தன் விண்ணப்பத்தில் அதை எழுதியும் இருந்தார்.

எங்கள் பர்சனல் டிபார்ட்மென்ட் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நாக்பூர் சர்டிஃபிகேட் இருக்கா?" நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரிச் சான்று இல்லாமல் எங்களிடம் பதவி உயர முடியாது. நல்ல கல்லூரி, நல்ல விதி, குறை சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சிக் காலத்தில், தீயணைப்பானின் ஊசியை எப்படி எடுப்பது என்று இருபது வயதுப் பையன்களோடு உட்கார்ந்து அவரும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். முன்னாள் படைவீரருக்கென்று எங்கள் நிறுவனம் சில இடங்களை வைத்திருந்தது. அதில் வந்தவர் என்பதால் மற்றவர்கள் வாயில் அவர் கடைசிவரை "கோட்டாக்காரர்".

இனி அமெரிக்கா.

அங்கே படைக்கும் தீயணைப்புக்கும் உறவு வேலை விளம்பரத்தில் தொடங்கவில்லை, போர்க்களத்தில் தொடங்கியது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது நியூயார்க் நகரத் தன்னார்வத் தீயணைப்பாளர்களையே திரட்டி ஒரு ரெஜிமென்ட் எழுப்பினார் எல்மர் எல்ஸ்வொர்த் என்ற இளைஞர். பதினோராம் நியூயார்க் காலாட்படை. வாஷிங்டனில் வந்து முகாமிட்டிருந்தபோது வில்லார்ட் ஓட்டலை அடுத்த கட்டடத்தில் தீப்பற்றியது. போருக்கு வந்தவர்கள் அதை அணைத்துவிட்டுத்தான் போருக்குப் போனார்கள். போர் முடிந்த 1865இல் நியூயார்க்கில் தன்னார்வ முறை போய்ச் சம்பளத்துக்கு ஆள் வைத்த தீயணைப்புத் துறை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் தலைமைக்கு வந்த அலெக்சாண்டர் ஷேலர், வடக்குப் படையில் ஜெனரலாக இருந்தவர். துறைக்குள் படை ஒழுங்கைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இன்றும் அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களில் லெப்டினன்ட், கேப்டன், பட்டாலியன் சீஃப் என்றுதான் பதவிப் பெயர்கள்.

அதே 1865இல், காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்குக் கூட்டாட்சி அரசுப் பணிகளில் முன்னுரிமை தரவேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. நியூயார்க் மாநிலம் இதைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது: 1894ஆம் ஆண்டின் திருத்தம், தகுதிப் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் உள்நாட்டுப் போர் வீரரை முன்னே கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கானவர்கள் திரும்பியதும் இது தாங்காது என்று தெரிந்தது. அந்த எண்ணிக்கைக்கு முழு முன்னுரிமை கொடுத்தால் போருக்குப் போகாத எவருக்கும் பல ஆண்டுகளுக்கு அரசு வேலை இல்லை. 1949இல் அங்கே வாக்காளர்கள் மதிப்பெண் முறைக்கு மாறினார்கள். வேலைக்கான தேர்வில் தேறிய முன்னாள் வீரருக்கு 5 மதிப்பெண், ஊனமுற்ற முன்னாள் வீரருக்கு 10. தேறாதவருக்கு ஒன்றும் கிடையாது.

ஐந்து மதிப்பெண் என்ன பெரிது என்று நினைப்பவர்கள் தீயணைப்புத் தேர்வின் கூட்டத்தைப் பார்த்ததில்லை. சிகாகோவில் 1995இல் தீயணைப்பாளர் தேர்வை எழுதியவர்கள் 26,000 பேருக்கு மேல். நகரம் 89 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களை மட்டும் முதலில் அழைத்தது. 65 முதல் 88 வரை எடுத்தவர்களுக்கு, 'தேறிவிட்டீர்கள், ஆனால் அழைப்பு வர வாய்ப்பில்லை' என்று கடிதம். அந்தக் கோடு கறுப்பின விண்ணப்பதாரர்களை அளவுக்கு மீறி வெட்டியது என்ற வழக்கு 2010இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்தக் கோட்டின் கூர்மையை மட்டும். எல்லோரும் தொண்ணூறுக்கு மேல் நெருக்கிக்கொண்டு நிற்கும் வரிசையில் ஐந்து மதிப்பெண் ஆயிரம் பேரைத் தாண்டிவிடும்.

தாண்டப்படுகிறவர் யார் என்ற கேள்வியை எழுப்பியவர் ஹெலன் ஃபீனி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மதிப்பெண் முறை கிடையாது, முழு முன்னுரிமைதான். தேறிய முன்னாள் வீரர்கள் அனைவரும் தேறிய மற்றவர்கள் அனைவருக்கும் மேலே, வாழ்நாள் முழுக்க. தீயணைப்பாளர் பட்டியலும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. ஃபீனி பன்னிரண்டு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவர். தீயணைப்பு அவர் துறை அல்ல. 1971இல் ஒரு பதவிக்கான தேர்வில் இரண்டாவது அதிக மதிப்பெண் பெற்றார். பட்டியலில் ஆறாம் இடம். மேலே ஐந்து ஆண்கள், ஐவரும் முன்னாள் படைவீரர்கள். அவரைவிடக் குறைவாக எடுத்தவருக்கு வேலை போனது. வழக்குப் போட்டார். அந்த மாநிலத்து முன்னாள் வீரர்களில் 98 விழுக்காட்டுக்கு மேல் ஆண்கள். அதற்கும் காரணம் அரசேதான்: படையில் பெண்கள் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 1948இல் போட்ட வரம்பு 1967 வரை சட்டமாக இருந்தது. ஒரு கதவைப் பூட்டிவிட்டு, அந்தக் கதவு வழியாக வரவில்லையே என்று இன்னொரு கதவையும் பூட்டினால் எப்படி? உச்ச நீதிமன்றம் 1979இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ஃபீனியின் வழக்கைத் தள்ளியது. பெண்களைத் தள்ளவேண்டும் என்ற நோக்கத்தில் சட்டம் செய்யப்படவில்லை, விளைவு அப்படி அமைந்தது, அவ்வளவே என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதிகள் மார்ஷலும் பிரென்னனும் மறுத்து எழுதினார்கள்.

நான் அந்த இருவர் பக்கம். படைவீரர் சார்பாகப் பேச வந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று சிலர் நினைக்கலாம். எங்கள் பிரிவில் கோட்டாக்காரர் என்ற பெயர் ஒருவருக்கு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்தவன் நான். தாண்டப்பட்டவனுக்குக் காரணம் விளங்காத சலுகை எதுவோ அது சலுகை பெற்றவனைத்தான் நெடுநாள் துரத்தும். நியூயார்க்கின் பத்து மதிப்பெண் எனக்கு ஏற்புடையதாக இருப்பது, அது வரிசையில் சற்று முன்னே நகர்த்துவதோடு நின்றுவிடுகிறது என்பதால்.

அந்த நியூயார்க்கும் ஒரு சின்னத்தனம் செய்தது. படையில் சேரும்போது நியூயார்க்கில் குடியிருந்தவருக்குத்தான் மதிப்பெண் என்று நிபந்தனை வைத்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து படைக்குப் போய்ப் பிறகு நியூயார்க்கில் குடியேறிய இருவர் வழக்காடினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனையை நீக்கியது. நாட்டுக்காகப் போனவரிடம், எந்த ஊரிலிருந்து வண்டி ஏறினாய் என்று கேட்கக்கூடாது என்றே நான் அதைப் படித்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வாசல். உள்ளே நுழைந்த பிறகுதான் என் தலைப்பு.

பத்து மதிப்பெண் வாங்க வேண்டுமானால் முன்னாள் வீரர் நலத்துறையிடமிருந்து உடற்குறை 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறது என்ற மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும். அமெரிக்க முன்னாள் வீரர்கள் மிக அதிகமாகப் பெறும் மதிப்பீடுகளில் ஒன்று காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சல். பீரங்கி, ஹெலிகாப்டர், எஞ்சின் அறை எல்லாம் விட்டுச்செல்லும் ரீங்காரம். அதற்கான மதிப்பீடு 10 விழுக்காடு. சரியாக வாசற்படி உயரம். அந்தக் கடிதத்தைக் காட்டிப் பத்து மதிப்பெண் வாங்கிய இளைஞர் பட்டியலில் மேலே வருகிறார். நிபந்தனையோடு வேலை உத்தரவும் வருகிறது. அதற்குப் பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. 1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப்படி, வேலை தருகிறோம் என்று சொல்லும்வரை உடம்பைப் பற்றிக் கேட்கவே கூடாது. மருத்துவரின் மேசையில் தீயணைப்பாளருக்கென்று தேசிய அளவில் வகுத்த மருத்துவ அளவுகோல் இருக்கிறது. செவித்திறன், நுரையீரல், இதயம், மனநலம் எல்லாவற்றுக்கும் அதில் வரையறை உண்டு. விண்ணப்பதாரரின் கோப்பில் அதே மதிப்பீட்டுக் கடிதமும் இருக்கிறது. மேலே ஏற்றிய காகிதமே கீழே இறக்கவும் தயாராகக் காத்திருக்கிறது.

போரால் வந்த மன உளைச்சலுக்கு மதிப்பீடு வாங்கியவர் நிலை இன்னும் சிக்கல். சிகிச்சைக்குப் போய் அதைப் பதிவு செய்தவருக்குக் கடிதம் இருக்கிறது. போகாமல் உள்ளேயே அடக்கிக்கொண்டவருக்கு இல்லை. பரிசோதனையில் கேள்விகளை எதிர்கொள்பவர் மருந்து எடுத்துக்கொண்டவர்.

இதில் ஒரு குழப்பத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நலத்துறையின் விழுக்காடு, ஒரு குறை சராசரி மனிதனின் சம்பாத்தியத்தை எவ்வளவு பாதிக்கும் என்ற கணக்கில் இழப்பீட்டுக்காகப் போடப்பட்டது. இன்னார் முழுக் கவசம் மாட்டிக்கொண்டு ஆறாவது மாடிக்கு ஹோஸை இழுத்துப் போவாரா என்பதை அது சொல்லாது. அதற்காக எழுதப்படவும் இல்லை. மருத்துவ அளவுகோலைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. புகைக்குள் என்னோடு வருகிறவரின் உடம்பு என் உயிர். மூச்சுக்கருவியில் காற்று தீரப்போகும்போது விசில் அடிக்கும். அது காதில் விழாதவரை நான் உள்ளே அழைத்துப்போகமாட்டேன். அப்படியென்றால் சோதிக்க வேண்டியது அந்த விசிலைத்தான். பம்பு ஓடுகிற இரைச்சலில் கருவியை முதுகில் மாட்டி, விசில் கேட்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றுதான் அமெரிக்கச் சட்டமும் சொல்கிறது. ஆனால் காகிதத்தைப் பார்த்து 'தகுதியில்லை' என்று எழுதுவது சுலபம், எந்த நாட்டு அலுவலகத்திலும்.

வேலையில் இருந்துகொண்டே போருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இன்னொரு வகை. 1994ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அவர்களைக் காக்கிறது: போகும்போது இருந்த இடத்துக்கு மட்டுமல்ல, போகாமல் இருந்திருந்தால் எந்த இடத்துக்கு உயர்ந்திருப்பாரோ அங்கே அவரைத் திரும்ப வைக்க வேண்டும். போரில் உடம்பு கெட்டிருந்தால், செய்யக்கூடிய வேறு வேலை தர வேண்டும். படைவீரர் என்பதற்காக வேலை மறுக்கவும் கூடாது. டெக்சாஸ் மாநிலக் காவலர் லீ ராய் டோரஸ் 2007இல் இராக்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே முகாம்களில் குப்பையைக் குழிகளில் கொட்டி விமான எரிபொருள் ஊற்றி எரிப்பார்கள். அந்தப் புகையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுத் திரும்பியவர், பழைய வேலை செய்ய முடியவில்லை, வேறு வேலை தாருங்கள் என்றார். மாநிலம் மறுத்தது, எங்கள் மேல் வழக்கே போட முடியாது என்றும் வாதாடியது. 2022 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், போடலாம் என்றது. அவர் காவலர்தான், ஆனால் பல மாநிலங்களிலும் நகரங்களிலும் ரிசர்வ் படையில் பெயர் கொடுத்திருக்கும் தீயணைப்பாளர்களுக்கும் இதே சட்டம்தான். அதே ஆண்டு கோடையில், தீயணைப்பாளர் பணியே புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. குப்பைக்குழிப் புகையில் நின்று வந்தவர் அடுத்த புகைக்குள் நுழைய வரிசையில் நிற்கிறார். அவர் நுரையீரலைக் கவனமாகத்தான் பார்க்க வேண்டும், அவருக்காகவே.

இனி, அவருக்கு என்ன தெரியும் என்பதை யார் பார்க்கிறார்கள்? டெக்சாஸ் மாநிலம் சான் ஏஞ்சலோவில் குட்ஃபெலோ விமானப்படைத் தளம். அமெரிக்கப் படைகளின் தீயணைப்பாளர்கள் பயிற்சி பெறும் கல்விக்கூடம் அங்கே இருக்கிறது. அங்கு பெறும் சான்று தேசிய அங்கீகாரம் பெற்றது. பல மாநிலங்கள் ஏற்கின்றன. தீயணைப்பாளராகவே இருந்தவர் பாடு பரவாயில்லை. சிக்கல் மருத்துவ உதவியாளர்களுக்கு. அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகள் ஓடும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ அவசரங்கள். மாரடைப்பு, விழுந்தவர், மூச்சுத்திணறல். அதனால் நகரங்கள் அவசரகால மருத்துவ உதவியாளர் உரிமம் கேட்கின்றன. தரைப்படையின் மெடிக் பயிற்சியின்போதே அந்தத் தேசியப் பதிவைப் பெற்றுவிடுகிறார். கடற்படையின் கார்ப்ஸ்மேன், மரீன்களோடு முன்வரிசையில் போய்க் குண்டடி பட்டவரின் மார்பில் துளையிட்டு உயிரைப் பிடித்து வைத்தவராக இருப்பார். ஊர் திரும்பி, ரத்தக்கசிவுக்குக் கட்டுப் போடுவது எப்படி என்ற முதல் பாடத்தில் உட்கார்ந்தவர்கள் அவர்களில் உண்டு. பாடத்தின் பெயர்தான் வேறு. எங்கள் பயிற்சிக் கூடத்தில் தீயணைப்பானின் ஊசியை நோட்டில் வரைந்துகொண்டிருந்தாரே, அவர் எனக்கு நினைவுக்கு வந்தார்.

நன்றிக்காக இடம் தருகிறோம். அவர் வேலை கற்ற ஆண்டுகளை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச்சொல்கிறோம். எனக்கு அது நன்றியாகப் படவில்லை. அந்தப் பத்து மதிப்பெண்ணில் பாதியைப் பிடித்துக்கொண்டு, கற்றுவந்த பயிற்சிக்கு உரிய தகுதியைக் கணக்கில் எடுத்தால்கூட என் ஆள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பார். அவரைக் கேட்காமலே சொல்கிறேன்; அவ்வளவு தூரம் அவரை எனக்குத் தெரியும்.

நம் பக்கத்துக்கு ஒரு வார்த்தை. 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் முடித்தவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரைத்தான் படை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்திலோ நடுவிலோ ஊருக்குத் திரும்புவார்கள். அவர்களில் கப்பலில் இருந்தவர்களும் விமானத் தளங்களில் இருந்தவர்களும் உண்டு. காவல், சிறை, தீயணைப்பு என்று இட ஒதுக்கீடுகள் பேசப்படுகின்றன. இடங்களை எண்ணுகிறவர்கள் விண்ணப்பப் படிவத்தில் 'பெற்ற பயிற்சி' என்று ஒரு கட்டத்தையும் போட்டு, அதைப் படிக்க ஒருவரையும் உட்காரவைத்தால் நல்லது. அமெரிக்கர்களுக்கு இது புரிய வெகுகாலம் ஆனது; முழுசாகப் புரிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

என் ஆளின் கதையை முடிக்கிறேன். ஐம்பது வயதுக்குப் பிறகு நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவர் காது தோற்றுப்போனது. எஞ்சின் அறைக் காது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துப் பீப் சத்தம் போட்டுப் பார்த்து எழுதிவிட்டார்கள். பம்பில் காற்று புகுந்துவிட்டதா என்று அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுகிறவர் அவர். அதைச் சோதிக்கப் படிவத்தில் இடமில்லை. வண்டியிலிருந்து இறக்கி மெயின் கேட்டுக்கு மாற்றினார்கள். நான் அதில் கையெழுத்துப் போட்டேன். வேறு வழி இருந்ததா என்று அன்றைக்குத் தேடிப் பார்க்கவில்லை.

கேட்டில் வாகனப் பதிவேடு ஒன்று உண்டு. வண்டி எண், ஓட்டுநர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஏதோ கணக்குக்காக அந்தப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். ஓரத்தில் பென்சிலால் அவரே ஒரு கட்டம் போட்டிருந்தார். சைரன் அடித்த நிமிடம், ஃபயர் டெண்டர் கேட்டைக் கடந்த நிமிடம், இடையே எத்தனை விநாடி. யாரும் கேட்காத கட்டம். மூன்று ஆண்டுகள், ஒரு அழைப்புகூட விடவில்லை. மழைநாள் ஒன்றில் நாங்கள் 40 விநாடி தாமதமாகக் கிளம்பியிருக்கிறோம். அதன் எதிரே, "செல்ஃப் எடுக்கல. பேட்டரி பாக்கணும்" என்று எழுதியிருந்தார்.